தமிழ் வழியில் படித்தவர் ஆங்கில மொழியியலை எப்படிப் படிப்பது?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவருக்கு மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. இப்போது தருமபுரியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறார். கதை, கவிதைத் தாள்களை எப்படியோ சமாளித்துவிடுகிறார். மொழியியலும் இலக்கணமும் சேர்ந்து வரும் தாள் மட்டும் பிடிபடவில்லை. ஃபோனீம், மார்ஃபீம், மர வரைபடம் எல்லாம் மனப்பாடமாகவே ஓடுகிறது. அடுத்து எம்.ஏ.வில் பயன்பாட்டு மொழியியல் எடுக்கலாமா, தமிழ் வழியில் வந்தவனுக்கு அது ஒத்துவருமா, ஆங்கிலப் பேச்சும் சரளமாக இல்லையே என்று கேட்டிருக்கிறார்.

ஒத்துவரும் தம்பி. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லூரியில் பல வருடம் இந்தத் தாளை நடத்தியவன், நானும் காவேரிப்பட்டணத்துப் பக்கம் தமிழ் வழியில் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தப் பாடத்துக்கு வேண்டிய சரக்கில் பாதி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலேயே உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதையும் இதையும் யாரும் முடிச்சுப் போட்டுக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் தினமும் ஏறுகிற பஸ்ஸிலிருந்தே தொடங்கலாம். "பாலக்கோட்டுக்குப் போகிற பஸ்" என்கிறோம். இதையே ஆங்கிலத்தில் "த பஸ் தட் கோஸ் டு பாலக்கோடு" என்கிறார்கள். இரண்டையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதிப் பாருங்கள். தமிழில் ஊர், அதன் பின்னால் 'கு' உருபு, அப்புறம் 'போகிற', கடைசியில் பஸ். ஆங்கிலத்தில் முதலில் பஸ், அப்புறம் 'தட்', 'கோஸ்', 'டு', கடைசியில் ஊர். கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே திரும்பியிருக்கிறது. 'தட்' என்ற சொல்லுக்கும் தமிழில் இடம் இருக்கிறது: 'போகிற' என்பதன் முடிவில் நிற்கும் 'அ' என்ற பெயரெச்ச விகுதிதான் அது.

இது தற்செயல் இல்லை. ஒரு தொடரில் எது தலைச்சொல்லோ, அதாவது மற்றவை சார்ந்து நிற்கும் மையச் சொல்லோ, அது தமிழில் கடைசியில் நிற்கும், ஆங்கிலத்தில் பெரும்பாலும் முன்னால் நிற்கும். பெயர்த்தொடருக்கும் இதுதான், வினைத்தொடருக்கும் இதுதான். அதனால்தான் தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, ஆங்கிலத்தில் பிரிபொசிஷன் பெயருக்கு முன்னால் வருகிறது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போகிறது, ஆங்கிலத்தில் செயப்படுபொருளுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. தனித்தனியாக இருபது விதி மனப்பாடம் செய்ய வேண்டிய இடத்தில் ஒரே ஒரு விதி. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு இது இவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது. ஒப்பிட இன்னொரு மொழி வேண்டும். உங்களிடம் இருக்கிறது.

மார்ஃபீமுக்கு, அதாவது பொருள் தரும் மிகச் சிறிய கூறான உருபனுக்கு வருவோம். பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். 'நடந்தான்' என்றால் நட, பகுதி. த், சந்தி, அது 'ந்' ஆனது விகாரம். த், இறந்தகால இடைநிலை. ஆன், ஆண்பால் வினைமுற்று விகுதி. உருபனியல் என்ற பெயரில் கல்லூரியில் கேட்பது இதையேதான். இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் என்று நான்கைச் சொல்கிறது நன்னூல். நடந்தான், உண்டான், தின்றான், ஓடினான் என்று அவை வருகின்றன. பொருள் ஒன்று, வடிவம் நான்கு. ஆங்கிலத்தில் 'வாக்டு' என்பதன் கடைசியில் ஒலிப்பது 'ட்' போன்ற அழுத்தமான ஒலி. 'ப்ளேய்டு' என்பதில் மென்மையான 'ட்'. 'வான்டெட்' என்பதில் ஒரு உயிரும் சேர்ந்த 'இட்'. எழுத்தில் மூன்றும் ஒன்றுபோல இருந்தாலும் காதுக்கு மூன்று. ஒரே உருபன், அதன் மாற்றுருபுகள், அதாவது அல்லோமார்ஃப், மூன்று. 'அல்லோமார்ஃப்' என்ற சொல்லைப் பார்த்துப் பயந்த மாணவர்களிடம் "த், ட், ற், இன் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டால் போதும், முகம் தெளிந்துவிடும்.

ஃபோனீம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம். நான் படித்த காலத்தில் இதன் வரையறையை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். பொருள் சுத்தமாகப் புரியவில்லை. புரிந்தது, நானே வகுப்பில் நின்று விளக்க வேண்டி வந்தபோதுதான். 'கல்', 'தங்கம்', 'அகலம்' மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்றிலும் 'க' இருக்கிறது. ஆனால் ஒலி மூன்று விதம். முதலாவது அழுத்தமானது. இரண்டாவதில் குரல்நாண் அதிர்கிறது. மூன்றாவது பலர் வாயில் 'ஹ' போலத் தேய்ந்து வருகிறது. மூன்று ஒலிக்கும் தமிழ் ஏன் ஒரே எழுத்தை வைத்திருக்கிறது? ஏனென்றால் தமிழ்ச் சொற்களில் எந்த ஒலி எங்கே வரும் என்பதை இடமே தீர்மானித்துவிடுகிறது. சொல்லின் முதலில் ஒன்று, மெல்லினத்துக்குப் பின் ஒன்று, இரண்டு உயிருக்கு நடுவே ஒன்று. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால் பொருள் மாறாது, உச்சரிப்புதான் விநோதமாகக் கேட்கும். பொருளை மாற்றாத இந்த வேறுபாடு அல்லோஃபோன். மூன்றும் சேர்ந்தது ஒரு ஃபோனீம். ஆங்கிலத்தில் அவற்றில் முதல் இரண்டு ஒலிகள் 'கோட்' என்றால் மேலங்கி, மென்மையாகச் சொன்னால் ஆடு என்று பொருளையே பிரித்துவிடுகின்றன. ஆகவே அங்கே அவை இரண்டு ஃபோனீம். அதாவது ஒலி எப்படி இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்த மொழிக்குள் அது என்ன வேலை செய்கிறது என்பதும் வேண்டும். இங்கிலாந்தின் பாடப்புத்தக உச்சரிப்பில் 44 ஃபோனீம் என்று கணக்குச் சொல்வார்கள்: 24 மெய், 20 உயிர். அந்த எண்ணை நினைவில் வையுங்கள், தேர்வுக்கு உதவும். ஆனால் அதற்கு முன் 'கல், தங்கம், அகலம்' நினைவில் இருக்கட்டும்.

ஊர்ப் பெயரையும் விட்டுவைக்க வேண்டாம். நம் பக்கம் நல்லம்பள்ளி, போச்சம்பள்ளி என்று 'பள்ளி'யில் முடியும் ஊர்கள் இருக்கின்றன. மாரண்டஅள்ளி, பைசுஅள்ளி என்று 'அள்ளி'யில் முடியும் ஊர்களும் இருக்கின்றன. இரண்டும் ஒரே வேரில் வந்தவை. பழைய கன்னடத்தில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த 'ப', பிற்காலக் கன்னடத்தில் 'ஹ' ஆகிவிட்டது. பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பள்ளி ஹள்ளி. அந்த 'ஹள்ளி' தமிழ் பேசுகிறவர் வாய்க்கு வந்ததும் 'ஹ' உதிர்ந்து 'அள்ளி' ஆயிற்று. ஒலிமாற்றம் விதிப்படி நடக்கும், ஒரு சொல்லில் மட்டும் நடக்காது என்று வரலாற்று மொழியியலில் படிக்கிறீர்களே, அதற்குச் சான்று உங்கள் ஊர்ப் பலகையிலேயே இருக்கிறது. தேர்வில் இதை எழுதுங்கள். வெளிநாட்டு உதாரணத்தையே நூறு தாளில் பார்த்துச் சலித்த ஆசிரியருக்கு இது கண்ணில் படாமல் போகாது.

இலக்கணத்துக்கு வருகிறேன். பள்ளியில் 'நவுன்' என்றால் ஆள், இடம், பொருளின் பெயர் என்றும் 'வெர்ப்' என்றால் செயலைக் குறிக்கும் சொல் என்றும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பல்கலைக்கழக அளவில் முதலில் உடைவது இந்த வரையறைதான். 'அரைவல்' என்பது வந்து சேருகிற செயல்தான், ஆனால் அது நவுன். 'நோ' என்ற வெர்பில் செயலே கிடையாது, சும்மா தெரிந்திருப்பதுதான். அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? வடிவத்தையும், வாக்கியத்தில் அது நிற்கும் இடத்தையும் வைத்து. முன்னால் 'த' வருமா, பன்மை ஏற்குமா, காலம் காட்டுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனை முறை மேற்கிலிருந்து புதிதாக வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வினை என்பது வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்றுதான் தொல்காப்பியம் வினையியலையே தொடங்குகிறது. செயலைக் குறிப்பது வினை என்று அங்கே தொடங்கவில்லை. எதை ஏற்கும், எதை ஏற்காது என்று வடிவத்தை வைத்துச் சொல்கிறது. 'வருகை' செயல்தான், ஆனால் 'வருகையை' என்று உருபு ஏற்கும், ஆகவே பெயர். எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறை வகுப்பெடுக்கும்போதும் மனதை நிறைத்திருக்கிறது. நம் மாணவர்கள் இதைத் தமிழ் வகுப்பில் ஒரு தனி மூட்டையாகவும் ஆங்கில வகுப்பில் இன்னொரு மூட்டையாகவும் சுமந்து, இரண்டையும் அவிழ்க்காமலே பட்டம் வாங்கிப் போவதைப் பார்க்கும்போது வருத்தமாகவும் இருந்திருக்கிறது.

மர வரைபடத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். 'பெரிய தோப்புக்காரர்' என்று ஒருவரைச் சொன்னால் என்ன பொருள்? பெரிய மாந்தோப்பு வைத்திருப்பவரா, தோப்பு வைத்திருக்கிற பெரிய மனிதரா? சொற்கள் மாறவில்லை. எது எதோடு முதலில் சேருகிறது என்பதுதான் மாறுகிறது. 'பெரிய'வும் 'தோப்பு'ம் முதலில் சேர்ந்து அப்புறம் 'காரர்' சேர்ந்தால் ஒரு பொருள்; 'தோப்புக்காரர்' முதலில் சேர்ந்து அப்புறம் 'பெரிய' சேர்ந்தால் வேறு பொருள். அந்தச் சேர்க்கை வரிசையைக் கோடு போட்டுக் காட்டுவதுதான் மரம். அதற்கு மேல் அதில் மர்மம் ஒன்றுமில்லை. இந்த இரண்டு மரத்தையும் நீங்களே வரைந்த பிறகு ஆங்கில வாக்கியத்துக்குப் போங்கள்.

அங்கே போனதும் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும்: காரணம் காட்டுவது. 'ஹி லுக்டு அப் த வேர்ட்' என்றால் அகராதியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தான். 'ஹி லுக்டு அப் த ரோட்' என்றால் சாலை போகும் பக்கம் பார்த்தான். மேலோட்டமாக இரண்டும் ஒரே அமைப்பு. ஆனால் முதல் வாக்கியத்தை 'ஹி லுக்டு த வேர்ட் அப்' என்று மாற்றலாம். இரண்டாவதை 'ஹி லுக்டு த ரோட் அப்' என்று மாற்ற முடியாது. ஏன்? முதலாவதில் 'அப்' வினையோடு சேர்ந்தது, அதனால் இடம் பெயர முடிகிறது. இரண்டாவதில் அது 'த ரோட்' என்பதோடு சேர்ந்தது, பிரிக்க முடியாது. 'இது ஃப்ரேசல் வெர்ப்' என்று பெயர் மட்டும் எழுதினால் பள்ளி இலக்கணம். மாற்றிக் காட்டி, மாறாததையும் காட்டி முடிவு சொன்னால் பல்கலைக்கழக இலக்கணம். எந்த விதியைப் படித்தாலும் அதை மீறும் ஒரு வாக்கியத்தையும் பக்கத்தில் எழுதி நட்சத்திரக் குறி போடுங்கள். பிழையான வாக்கியம் இல்லாமல் விதி நிற்காது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தமிழ்க் கலைச்சொல்லும் ஆங்கிலக் கலைச்சொல்லும் எல்லா இடத்திலும் அச்சுப் பொருந்தாது. செயப்பாட்டு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பேச்சிலும் எழுத்திலும் சாதாரணமாகப் புழங்குவது அது. தமிழில் 'படு' சேர்த்த வடிவம் அரசு அறிக்கையில் வரும், செய்தித்தாளில் வரும். பேச்சில் யாரும் 'சாலை செப்பனிடப்பட்டது' என்று சொல்வதில்லை. 'ரோடு போட்டுட்டாங்க' என்கிறோம். போட்டது யார் என்று தெரியாவிட்டாலும் 'ஆங்க' என்ற பலர்பால் விகுதி அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. எனவே இரண்டு மொழியிலும் ஒரே பெயர் கிடைத்தவுடன் நிறுத்திவிடாமல், அந்த வடிவத்தை யார், எப்போது பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

இனி பயன்பாட்டு மொழியியல். மொழி சம்பந்தப்பட்ட நடைமுறைச் சிக்கல்களை ஆராய்கிற துறை இது. மொழி கற்பித்தல், தேர்வு அமைத்தல், மொழிபெயர்ப்பு, அகராதி, மொழிக் கொள்கை, பேச்சுக் குறைபாடு என்று பல கிளைகள். நம் ஊரில் அதிகம் படிக்கப்படுவது இரண்டாம் மொழி கற்பது பற்றிய பகுதிதான். உங்களுக்கும் அதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன். காரணம், அதற்கு வேண்டிய தரவு நீங்களேதான்.

நம் பிள்ளைகள் 'இட் ஹேஸ் ரெய்ண்டு எஸ்டர்டே' என்று எழுதுகிறார்கள். சிவப்பு மையில் சுழித்துவிட்டு ஆசிரியர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். என் விடைத்தாளிலும் அப்படித்தான் சுழித்தார்கள்; ஏன் தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை. காலையில் எழுந்து வாசல் ஈரமாக இருப்பதைப் பார்த்து 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். தமிழில் அது முழுக்கச் சரி. மழையை நேரில் பார்க்கவில்லை, அடையாளத்தை வைத்துச் சொல்கிறேன் என்பதை அந்த 'இரு' காட்டுகிறது. 'நேற்று' போன்ற திட்டமான காலச் சொல்லோடு அது தாராளமாகச் சேரும். ஆங்கிலத்து 'ஹேவ்' வடிவமோ பழைய நிகழ்ச்சியை இப்போதைய நேரத்தோடு கட்டுகிறது. அதனால் 'எஸ்டர்டே' என்ற சொல்லோடு அது ஒத்துப்போகாது. 'இருக்கிறது' என்றால் 'ஹேவ்' என்று யாரோ வகுப்பில் சமன்படுத்திச் சொல்லியிருக்கிறார்கள். பையன் அதை உண்மையாக எடுத்துக்கொண்டு ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கிறான். அவன் முட்டாள் இல்லை. அவனிடம் ஒரு விதி இருக்கிறது, அது ஆங்கிலத்தின் விதி இல்லை.

இதைத்தான் மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரையில் வாதாடினார்: கற்பவரின் பிழை, அவர் மனதில் எந்த விதி ஓடுகிறது என்பதற்குச் சான்று. தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் நடுவே கற்பவர் மனதில் இப்படி உருவாகும் நடுவழி மொழிக்கு 1972இல் லாரி செலிங்கர் 'இன்டர்லாங்குவேஜ்' என்று பெயர் வைத்தார். இடைமொழி என்று வைத்துக்கொள்ளலாம். அதே சமயம் எல்லாப் பிழைக்கும் தாய்மொழியைக் காரணம் சொல்லக் கூடாது. 'கேம்' என்பதற்குப் பதில் 'கம்டு' என்று எழுதும் பையன் தமிழைக் கொண்டுவரவில்லை. ஆங்கிலத்தின் விதியையே எல்லை தாண்டி நீட்டுகிறான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சின்னக் குழந்தைகளும் இதே பிழையைச் செய்கிறார்கள்.

இன்னொரு விஷயம் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மொழி கற்பித்தலில் 'டாஸ்க்' வழிமுறை என்று இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அதன் தொடக்கங்களில் முக்கியமான ஒன்று கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் நடந்தது. என்.எஸ்.பிரபு தலைமையில் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளி வகுப்பறைகளில் அந்தச் சோதனை நடந்தது. இலக்கண விதியை நேரடியாகச் சொல்லித்தராமல் ரயில் நேர அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, கணக்குப் போடுவதுபோல யோசித்து விடை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தன்னால் உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. முழுக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்மைப்போல வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலமே காதில் விழாத இடத்தில், கொஞ்சமாவது வெளிப்படையான இலக்கண விளக்கம் தேவை என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. ஆனால் நம் பள்ளிகளிலிருந்து எழுந்த ஒரு கேள்வி உலகத்தின் பாடத்திட்டத்துக்குள் போனது என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் பாடத்தின் மேல் வேறு ஒரு உரிமை வருகிறது.

புத்தகத்தைப் பற்றிச் சுருக்கமாக. குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் நால்வரும் சேர்ந்து 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம் 1,700 பக்கத்துக்கு மேல். அதைத் தொடக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள். சந்தேகம் வரும்போது நூலகத்தில் திறந்து பார்க்கிற புத்தகம் அது. கையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன இலக்கணமும், ஒலிக்குறியீடு போட்ட ஒரு நல்ல அகராதியும் போதும்.

மேற்படிப்புக்கு வருகிறேன். ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இந்தத் துறைக்கென்றே வளர்ந்த இடம். 1958இல் ஆங்கிலத்துக்கான மத்திய நிறுவனமாகத் தொடங்கி 2007இல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. தமிழ்நாட்டுக்குள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் துறைகள் உண்டு. எல்லை தாண்டினால் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம். கிருஷ்ணகிரிக்காரருக்கு அது சென்னையைவிடப் பக்கம். அந்தந்த வருடம் எந்தப் படிப்பு நடக்கிறது, சேர்க்கை எப்படி என்பதை அவர்களிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சேருவதற்கு முன் ஒன்றை யோசித்தே ஆக வேண்டும். அரசுப் பள்ளியில் முதுகலை ஆங்கில ஆசிரியர் ஆவதுதான் உங்கள் திட்டம் என்றால், பட்டத்தின் பெயர் முக்கியம். மொழியியலில் எம்.ஏ. வாங்கிவிட்டு, அது ஆங்கில எம்.ஏ.வுக்கு இணையா என்று பிறகு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பொருளாதாரம் இறுக்கம் என்றால், எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, அதற்குள்ளேயே மொழியியல் தாள்களை ஆழமாகப் படித்து, ஆய்வுப் பட்டத்தில் பயன்பாட்டு மொழியியலுக்குத் திரும்புவது பாதுகாப்பான வழி. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஆங்கிலப் பாடத்திட்டத்தின் பத்து அலகுகளில் மொழிக் கருத்துகளுக்கும் கற்பித்தலுக்கும் ஒன்று, இந்தியாவில் ஆங்கிலத்துக்கு ஒன்று என இரண்டு அலகுகள் இருக்கின்றன. இலக்கியம் மட்டும் படித்தவர்கள் அங்கேதான் தடுமாறுவார்கள்.

உங்கள் ஆங்கிலப் பேச்சு சரளமாக இல்லையே என்ற கவலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரளமும் மொழியியல் அறிவும் வேறு வேறு. ஆனால் தேர்வும் ஆய்வும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்; அதற்குச் சலுகை கிடையாது. தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழில் யோசித்துப் புரிந்துகொண்டதை ஆங்கிலத்தில் ஐந்து வரியாக எழுதிப் பாருங்கள். ஆறு மாதத்தில் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

மூன்றாம் ஆண்டுத் திட்டக் கட்டுரைக்கு என்ன எடுப்பது என்று இப்போதே யோசித்து வையுங்கள். உங்கள் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் முப்பது பேரிடம் 'நேற்று நடந்தது' என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். பெயர் வேண்டாம், வீட்டில் பேசும் மொழி மட்டும் ஓரத்தில் குறிக்கட்டும். நம் பக்கம் தமிழ் மட்டும் இல்லையே; ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெலுங்கும் கன்னடமும், ஊருக்குள் உருது, சிட்டிலிங்கிப் பக்கம் லம்பாடி. வினை வடிவங்களை மட்டும் பிரித்து எடுங்கள். 'ஹேவ்' போட்ட இடத்தில் தமிழ் வீட்டுப் பிள்ளையும் லம்பாடி வீட்டுப் பிள்ளையும் ஒரே பிழையைச் செய்கிறார்களா, வேறு வேறு பிழையா என்று பாருங்கள். ஒரே பிழை என்றால் காரணத்தைத் தாய்மொழியில் மட்டும் தேடாமல் பள்ளியிலும் தேடவேண்டும். வேறு என்றால் அது தனி ஆராய்ச்சி. பத்துத் தாள் சேர்ந்ததும் எழுதுங்கள், எப்படி வகைப்படுத்துவது என்று சேர்ந்து பார்க்கலாம்.